கண்ணுக்குள் ஒரு வலை

(கண் பரிசோதனை முகாமை முன்னிட்டு, பழவேற்காட்டில் ஜும்ஆ தொழுகைக்குப் பின் நடந்த கூட்டத்தில், ஓய்வுபெற்ற கண் மருத்துவ உதவியாளர் ஒருவர் பேசியது)



ஜமாஅத் பெரியோர்களே, சகோதரர்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, ராத்தாமார்களே! முகாம் நடத்துகிறோம், நாலு வார்த்தை பேசுங்கள் என்று டிரஸ்டிலிருந்து கேட்டார்கள். நாலு வார்த்தை வேண்டாம், ஒரு வார்த்தையைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்றேன். அந்த ஒரு வார்த்தை புரியாததால் எங்கள் குடும்பத்தில் ஒருவர் கண்ணை இழந்தார். அதனால் அதைப் பற்றிப் பேச எனக்குக் கடமை இருக்கிறது.

அந்த வார்த்தை 'ரெட்டினா'. தமிழில் விழித்திரை என்று எழுதுகிறோம்.

என் தாய்மாமா இறால் வியாபாரி. ஏரிக்கரையில் நின்று கூடையைக் கையால் தூக்கிப் பார்த்தே எடை சொல்லக்கூடியவர். அவருக்கு 12 வருஷமாகச் சுகர் இருந்தது. மாத்திரை சாப்பிடுவார், சில நாள் மறப்பார், நோன்பு மாதத்தில் தன் இஷ்டத்துக்கு நேரத்தை மாற்றிக்கொள்வார். ஒரு கண்ணில் புரை விழுந்தது. ஆபரேஷன் செய்தார்கள், லென்ஸ் வைத்தார்கள், கட்டு அவிழ்த்தார்கள். பார்வை வரவில்லை. எதிரே நிற்பவர் ஆண் என்று தெரிகிறது, யார் என்று தெரியவில்லை. மறுபடி போனபோது டாக்டர் உள்ளே பார்த்துவிட்டு, விழித்திரை கெட்டுப் போயிருக்கிறது, ரொம்ப நாளாகவே கெட்டிருக்கிறது என்று சொல்லிச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். மாமா வீட்டுக்கு வந்து எனக்கு போன் போட்டார். "என்ன மாப்ளே, திரையைத்தான் காசு குடுத்து எடுத்தாச்சே, இன்னும் என்ன திரை பாக்கி இருக்குங்கிறாங்க? அதையும் எடுத்துடச் சொல்லு" என்றார்.

எனக்கு வாய் அடைத்துவிட்டது. 28 வருஷம் அரசு சுகாதார நிலையங்களில் கண் பார்த்தவன் நான். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், எழுத்து மங்குகிறது என்று அவர் என்னிடம் சொன்னபோது, வயசாகுது மாமா, கண்ணாடியை மாத்துங்க என்று சொன்னவனும் நான்தான். சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்க்கவேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. சொந்தக்காரர்தானே என்று திண்ணையில் உட்கார்ந்து சொன்ன வைத்தியம்.

திரை என்ற சொல்லைப் பாருங்கள். நமக்குத் திரை என்றால் மறைப்பது. பள்ளியில் திரை போட்டிருக்கிறோம். கண்ணில் திரை என்றால் பார்வையை மறைக்கும் ஒன்று, அதை விலக்கினால் தெரியும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மாமா நினைத்ததில் தப்பில்லை. புத்தகம் எழுதியவர்கள் வேறு திரையை நினைத்தார்கள், சினிமாக் கொட்டகையில் படம் விழுகிற திரையை. அந்த அர்த்தத்தில் விழித்திரை நல்ல சொல்தான், படம் அதில்தான் விழுகிறது. ஆனால் மங்கலான கண்ணோடு வருகிற மனிதரிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் அவர் கொட்டகையை நினைக்கமாட்டார்.

ரெட்டினா என்ற சொல் அப்படி இல்லை. அது நம்ம ஊருக்கென்றே செய்ததுபோன்ற சொல். அது ஒரு மீன் வலை.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் அலெக்ஸாந்திரியா நகரத்தில் ஹெரோஃபிலஸ் என்ற கிரேக்க மருத்துவர் இருந்தார். மனித உடலை அறுத்துப் பார்த்து எழுதிய முதல் ஆட்களில் ஒருவர். கண்ணின் உள்ளே பின்பக்கம் ஒட்டியிருந்த மெல்லிய சவ்வைப் பார்த்தவர் அதை எதற்கு ஒப்பிட்டார் தெரியுமா? இழுத்துச் சுருட்டிய வீச்சு வலைக்கு. கிரேக்கத்தில் வீச்சு வலைக்கு ஆம்ஃபிபிளஸ்ட்ரான் என்று பெயர், சுற்றி வீசுவது என்று பொருள். அலெக்ஸாந்திரியா கடற்கரை ஊர், பின்னால் பெரிய ஏரியும் இருக்கிறது. அவர் கண்ணுக்குப் பழகிய காட்சி அது.

வீச்சு வலை வீசுகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஈயக்குண்டு கட்டிய விளிம்பு விரிந்து தண்ணீரில் விழும். இழுக்கும்போது நூல் எல்லாம் ஒடுங்கிக் கையில் பிடித்த கயிற்றுக்கு வந்து சேரும். கண்ணிலும் அதே அமைப்புதான். குழிந்த கிண்ணம்போல் விரிந்திருக்கும் அந்தச் சவ்விலிருந்து நரம்பு இழைகள் எல்லாம் ஒரே இடத்துக்கு வந்து, ஒரு கயிறாகித்தான் மூளைக்குப் போகின்றன. இன்னொன்றும் உண்டு. வலையின் ஓட்டைக்கு நாம் என்ன பெயர் வைத்திருக்கிறோம்? கண். வலைக்குள் கண் இருப்பதை நாம் பார்த்தோம், கண்ணுக்குள் வலை இருப்பதை அவர் பார்த்தார்.

இனி நம் பக்கம் வருகிறேன். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற மருத்துவர் இருந்தார். அவர் முஸ்லிம் இல்லை, அரபு பேசும் கிறிஸ்தவர். அப்பாஸிய கலீஃபாக்கள் அவரை ஆதரித்தார்கள், அறிவு யாரிடம் இருந்தாலும் வாங்கிக்கொண்ட காலம் அது. கிரேக்க மருத்துவ நூல்களை அரபுக்குக் கொண்டு வந்ததோடு, கண்ணைப் பற்றி மட்டும் பத்துக் கட்டுரைகள் கொண்ட நூலும் எழுதினார். அந்தக் காலத்து அரபு மருத்துவ நூல்களில் இந்தச் சவ்வுக்கு ஷபகிய்யா என்று பெயர் வந்தது. ஷபகா என்றால் வலை. மதரசாவில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். பள்ளியில் தொழுகைக்குக் காத்திருக்கும்போது கைவிரல்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்தால் உஸ்தாது கண்டிப்பாரே, அதற்குத் தஷ்பீக் என்று பெயர். அந்தத் தஷ்பீக்கும் இந்த ஷபகிய்யாவும் ஒரே வேரில் பிறந்தவை. பின்னிக் கோத்தது என்று அர்த்தம்.

அதன் பிறகு இப்னு சீனா. 1037ல் மவுத்தானவர். அவருடைய 'அல்கானூன்' என்ற பெரிய மருத்துவ நூலை ஸ்பெயின் நாட்டு டோலிடோ நகரத்தில் உட்கார்ந்து, பன்னிரண்டாம் நூற்றாண்டில், கிரெமோனா ஊர் ஜெரார்டு என்பவர் லத்தீனுக்கு மாற்றினார். ஷபகிய்யா என்ற இடம் வந்தபோது அர்த்தத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். லத்தீனில் வலைக்கு 'ரேத்தே'. அதிலிருந்து வந்ததுதான் ரெட்டினா. எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் உங்கள் சீட்டில் எழுதும் சொல், அலெக்ஸாந்திரியாவில் புறப்பட்டு, பாக்தாதில் அரபு உடுத்தி, டோலிடோவில் லத்தீன் உடுத்தி வந்த சொல். கண்ணில் இது ஒன்று மட்டும் இல்லை. கருவிழியின் மேல் கண்ணாடிபோல் இருப்பதற்கு கார்னியா என்கிறார்கள், அரபில் கர்னிய்யா, கொம்பு போன்றது. உள்ளே இருக்கும் யூவியா அரபில் இனபிய்யா, திராட்சை போன்றது. கொம்பும் திராட்சையும் வலையுமாக ஒரு சந்தையே நம் கண்ணுக்குள் இருக்கிறது. நம் பழவேற்காட்டில் அரபுத் தமிழ் எழுத்துத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போது, இவையெல்லாம் வெள்ளைக்காரன் சொல் என்று நம் பிள்ளைகள் நினைப்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அது கிடக்கட்டும்.

பெயர் வைத்துவிட்டார்கள், ஆனால் அந்த வலை என்ன வேலை செய்கிறது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. இதைக் கவனமாகக் கேளுங்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் இருந்த காலன் என்ற பெரிய கிரேக்க மருத்துவர், பார்வை இருப்பது நடுவில் உள்ள லென்ஸில்தான், வலை அதற்குச் சத்துக் கொண்டுபோகிற பாதை என்று எழுதிவிட்டார். அவர் சொன்னதை வெகு காலம் யாரும் மறுக்கவில்லை. ஒளி பொருளிலிருந்து கண்ணுக்குள் வருகிறது, கண்ணிலிருந்து வெளியே போவதில்லை என்பதை நிலைநாட்டியவர் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த நம் இப்னுல் ஹைதம். அவ்வளவு பெரிய மேதையும் பார்வையின் இருப்பிடம் லென்ஸ்தான் என்றே வைத்திருந்தார். 1604ல் கெப்ளர் என்ற ஜெர்மானிய அறிஞர்தான் கணக்குப் போட்டு, லென்ஸ் ஒளியைக் கூட்டிச் சேர்ப்பதோடு சரி, படம் விழுவது அந்த வலையில் என்று காட்டினார். அதுவும் தலைகீழாக விழுகிறது என்றார்.

ஆகவே, 'புரையை எடுத்தாச்சு, அப்புறம் ஏன் தெரியலை' என்று கேட்ட என் மாமா செய்த தப்பு, மேதைகள் ஆயிரத்து நானூறு வருஷம் செய்த தப்புதான். கண் என்றால் லென்ஸ் என்றே நாமும் நினைக்கிறோம். புரை வெளியே தெரியும். கருவிழிக்குள் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பேரப்பிள்ளைகூடப் பார்த்துச் சொல்லும். வலை பின்னால், இருட்டில் இருக்கிறது. உயிரோடிருக்கும் மனிதனின் கண்ணுக்குள் அதைப் பார்க்க ஒரு கருவியே 1851ல்தான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்பவர் மூலம் உலகத்துக்குக் கிடைத்தது. அதே ஜாதிக் கருவியைத்தான் நான் வேலை பார்த்த காலம் முழுக்கச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அதை வைத்துக்கொண்டும் என் மாமாவைப் பார்க்கவில்லை.

சுகர் அந்த வலையை என்ன செய்கிறது என்று சொல்கிறேன். வலையின் மேல் நூல் நூலாக ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. ரத்தத்தில் சர்க்கரை பல வருஷம் மிகுந்து நின்றால் மிக நுண்ணிய குழாய்கள் பலவீனமாகி, சின்னச் சின்ன மொட்டுகளாக வீங்குகின்றன, கசிகின்றன. பருத்தி நூல் வலை இருந்த காலத்தில் ஈரத்தோடு மூட்டையாகப் போட்டு வைத்தால் என்ன ஆகும் என்று பெரியவர்களுக்குத் தெரியும். வெளியே பார்க்க வலை வலையாகவே இருக்கும், கையில் எடுத்தால் மக்கியிருக்கும். இதுவும் அப்படித்தான். பிறகு சில குழாய்கள் அடைத்துப்போகும். ரத்தம் கிடைக்காத இடம் தவித்துப் புதுக் குழாய்களை முளைக்க வைக்கும். அவை நல்ல நூல் இல்லை. தொட்டால் அறுகிற நூல். அவை அறுந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும், அல்லது தழும்பாகி வலையையே பிடித்து இழுத்துச் சுவரிலிருந்து பிரித்துவிடும். இதற்குத்தான் டயாபடிக் ரெட்டினோபதி என்று பெயர். வலை உவமை இதுவரைக்கும்தான் வரும். மீன் வலையைக் கரையில் உட்கார்ந்து கோத்துவிடலாம், இதில் செத்துப்போன நரம்பை யாரும் திரும்பக் கோக்க முடியாது.

வலிக்காது. இதுதான் விஷயமே. கண் சிவக்காது, நீர் வடியாது, உறுத்தாது. படகில் நின்றால் தூரத்துக் கலங்கரை விளக்கம் பளிச்சென்று தெரியும். உள்ளே பாதி வலை மக்கியிருக்கும். பார்வை மங்குகிறது என்று தெரிய வரும்போது நோய் முற்றிய கட்டத்தில் இருக்கலாம்.

நம் நாட்டில் சுகர் உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023ல் சொன்னது. சென்னையில் சங்கர நேத்ராலயா நடத்திய ஆய்வில், சுகர் உள்ளவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு வலையில் பாதிப்பு இருந்தது. இந்தக் கூட்டத்தில் சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்கப் போவதில்லை. மனசுக்குள் தூக்கிக்கொள்ளுங்கள். ஆறில் ஒருவர் என்று வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நல்ல விஷயத்தையும் அதனால் வந்த ஒரு சோம்பலையும் சொல்கிறேன். 2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர் மாத்திரை நம் வீட்டுக்கே வருகிறது. ஏரி தாண்டி இருக்கும் குப்பங்களுக்கும், ஜமீலாபாத் மாதிரி இடங்களுக்கும் இது பெரிய உதவி, மறுப்பதற்கில்லை. ஆனால் முன்பு மாத்திரைக்காகவாவது பொன்னேரி போவோம், போன இடத்தில் கண்ணும் பார்ப்போம். இப்போது மாத்திரை வருகிறது, கண்ணை யாரும் வீட்டுக்கு வந்து பார்ப்பதில்லை.

சுகர் இருக்கிறது என்று தெரிந்த அன்றே ஒரு முறை, அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு முறை, பார்வை நன்றாக இருந்தாலும் சரி, சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்து வலையைப் பார்க்கவேண்டும். ஏற்கெனவே சுகர் இருக்கும் பெண் கர்ப்பமானால் முதல் மூன்று மாதத்துக்குள் பார்க்கவேண்டும். மருமகள்மாரைப் பெரியம்மாமார்தான் அனுப்பி வைக்கவேண்டும், அவர்களாகக் கேட்கமாட்டார்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பல பேருக்குச் சுகரையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்தாலே போதும். அடுத்த கட்டத்தில் லேசர் இருக்கிறது, கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது, அதற்கும் மேல் ஆபரேஷன். லேசர் போட்டும் பார்வை ஏறவில்லையே என்று சிலர் குறை சொல்கிறார்கள். லேசர் பெரும்பாலும் இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான், போனதைக் கொண்டு வர இல்லை. அதனால்தான் சீக்கிரம் வாருங்கள் என்கிறேன்.

சுகர் இல்லாதவர்களுக்கும் ஒன்று. திடீரென்று கண்ணில் மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாகப் பறந்தாலோ, ஓரத்திலிருந்து நிழல் இறங்கி வருவதுபோல் இருந்தாலோ, வலை சுவரைவிட்டுப் பிரிகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அன்றைக்கே போகவேண்டும். பொன்னேரியில் மின்சார ரயில் ஏறினால் சென்னை. எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி 1819ல் தொடங்கியது, ஆசியாவிலேயே பழமையானவற்றில் ஒன்று. நம் ஊரிலிருந்து அரை நாள் பயணத்தில் அது இருக்கும்போது, வெள்ளிக்கிழமை போகட்டும், பெருநாள் போகட்டும் என்று தள்ளிப்போட்டுக் கண்ணை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என்னிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். நோன்பில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடலாமா? ஷாஃபிஈ, ஹனஃபி இரண்டு மத்ஹபிலும் அதனால் நோன்பு முறியாது. சற்று முன் நம் இமாம் அவர்களிடமும் கேட்டுக்கொண்டேன். கண்ணில் ஆபரேஷன் செய்தபின் குனிய வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் ஸஜ்தாவுக்கு என்ன செய்வது? நோயாளி உட்கார்ந்து, தலையால் சைகை செய்து தொழலாம். டாக்டர் எத்தனை நாள் சொல்கிறாரோ அத்தனை நாள். தொழுகைக்காகவே ஆபரேஷனைத் தள்ளிப்போட்ட ஒரு மூதாட்டியை எனக்குத் தெரியும், மார்க்கம் கொடுத்த சலுகையை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சுர்மா போட்டால் பார்வை கூடுமா? சுர்மா இமையோரம் நிற்கிறது, வலை கண்ணின் பின்சுவரில் இருக்கிறது, அங்கே அது போய்ச் சேராது. கடையில் விற்கும் பல சுர்மாக்களில் ஈயம் கலந்திருக்கிறது, பச்சைப் பிள்ளைகளுக்கு இட வேண்டாம். முகாம் அன்று யாரும் சுர்மா இட்டுக்கொண்டு வராதீர்கள்.

ஓலைக்கூடை பின்னும் ராத்தாமார் எழுத்துக் கண்ணாடி மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று நினைப்பீர்கள். கண்ணாடியும் கிடைக்கும். ஆனால் சுகர் இருந்தால் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தபின்தான் கண்ணாடி என்று டிரஸ்டில் சொல்லி வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மாமா இப்போது இன்னொரு கண்ணால் பார்க்கிறார், அல்ஹம்துலில்லாஹ். அந்தக் கண்ணில் மூன்று தடவை லேசர் போட்டாயிற்று. எடை பார்ப்பது இப்போது மகன். போன மாதம் அவரிடம் இந்த ஷபகா கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "இதை அன்னைக்கே வலைன்னு சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனே மாப்ளே. பொத்தல் விழுந்த வலையோட யார்றா தண்ணியில இறங்குவான்?" என்றார்.

முகாம் ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு, நம் மதரசாக் கட்டடத்தில். சுகர் நோட்டு, சாப்பிடும் மாத்திரை அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அது, பழைய கண்ணாடி எல்லாம் கொண்டு வாருங்கள். காலை மாத்திரையும் சாப்பாடும் வழக்கம்போல், வெறும் வயிற்றில் வரவேண்டாம். சொட்டு மருந்து விட்டபின் நாலைந்து மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும். அதனால் பைக் ஓட்டிக்கொண்டு வராதீர்கள், கூட ஒருவர் வரட்டும். அன்று பிற்பகல் படகு எடுக்கவேண்டாம். பாடு முறையில் யாருக்காவது அன்று முறை வருமானால் இப்போதே சொல்லுங்கள், அவர்களை முதலில் பார்த்து அனுப்பச் சொல்கிறேன், சொட்டு மருந்துக்கு மட்டும் வேறு நாள் குறித்துத் தருவார்கள். ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற வயதானவர்களுக்கு டிரஸ்ட் வண்டி வைத்திருக்கிறது. பெயர் கொடுக்கவேண்டியது அஸருக்குள், பள்ளி வாசலில் நோட்டு இருக்கிறது.